தறி எண்ணெயும் இடது சக்கரமும்

ரேணுகாம்பாள் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டபோது பிள்ளையார்பாளையமே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர், இரண்டாயிரத்து மூன்று வாக்கில், தங்கள் பிள்ளைகளை அந்த வேனில்தான் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்ததில்லை. காலையில் புருஷன் ராமலிங்கம் தறிக்குழியில் இறங்கும் நேரத்துக்கு இவள் வேனில் ஏறிவிடுவாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பரமசிவத்தின் வீட்டு வாசலில் வேன் நின்றதும் தீய்ந்த நாற்றம் கிளம்பியது. முன்பக்க இடது சக்கரத்தில் லேசாகப் புகை. மகளை இறக்கிக்கொள்ள வந்த பரமசிவம் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாம்மா இது, வண்டி ஓட்டுறியா, அடுப்பு மூட்டுறியா?"

"பிரேக் ஒட்டிக்கினு இருக்குதுங்க. சரி பண்ணிடறேன்."

"திங்கக்கிழமையும் இப்படின்னா எம் பொண்ணு ஆட்டோவுல போவா."

அவர் சொன்னால் அந்தத் தெருவே கேட்கும். அந்தத் தெரு போனால் வேனில் பாதி காலி.

சனிக்கிழமை காலை மெக்கானிக் தேவசகாயத்தின் கொட்டகையில் வேனை நிறுத்தினாள். ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினான் அவன். அரைச் சுற்றுக்குள் நின்றது. சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கை இரண்டு புறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளை உருவினான். உள்பக்கத்துப் பேடு வெற்றிலையாகத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்தது அப்படியே இருந்தது.

"பாருங்கக்கா. பேடைப் புடிச்சிக்கினு இருக்கிற கவ்வி, இந்த ரெண்டு பின்னு மேல வழுக்கிக்கினு போயி வரணும். பின்னு இறுகிப்போச்சின்னா பிரேக்கை உட்டாலும் பேடு டிஸ்க்கை உடாது."

பின்னைச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. மேலே மூடியிருந்த ரப்பர் இட்லி போல உப்பியிருந்தது. தேவசகாயம் விரலை முகர்ந்தான்.

"அக்கா, இது தறி எண்ணெ வாசன ஆச்சே?"

போன மாதம் சக்கரம் கிறீச்சிட்டபோது, கொண்டை ஊசியால் ரப்பரை நெம்பி, ராமலிங்கத்தின் நீள மூக்கு எண்ணெய்க் குடுவையை அவள்தான் கவிழ்த்தாள். தறியில் இப்படியும் அப்படியும் ஓடும் நாடா திக்கினால் ஒரு சொட்டு விட்டதும் பறக்கும். இதுவும் வழுக்குகிற சாமான்தானே என்று இரண்டு முன்சக்கரங்களிலும் தாராளமாகவே விட்டிருந்தாள்.

"நான்தாம்பா ஊத்தினேன்."

"ஊத்திட்டு வேனு புடவ நெய்யும்னு பாத்தீங்களா? எண்ணெ பட்டா இந்த ரப்பர் ஊதிப்பூடும். சரி, புதுப் பேடு மட்டும் போட்டுத் தரேன், பொங்கல் வரைக்கும் ஓடும்."

"பொங்கல் வரைக்கும் யாருக்கு வேணும்? பின்னையும் சுத்தம் பண்ணிடலாம். நீ வலது பக்கம் பண்ணு, நான் பாத்துக்கினு இருக்கேன். இந்தப் பக்கம் நான் பண்றேன்."

"கையெல்லாம் கரியாவும்."

"கரியாவட்டும்."

அவன் வலது பக்கத்தை முடித்ததும், உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து இடது பக்கத்துப் பின்களின் துருவை எடுத்தாள். பழைய எண்ணெய் ஒரு துளி மிஞ்சாமல் துடைத்தாள். பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் உட்காரும் இடத்திலிருந்த துருவைச் சுரண்டினாள். புது ரப்பர் மாட்டி, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸை, கண்ணுக்கு மை தீட்டுவது போலப் பின்களுக்கு மட்டும் தடவினாள்.

"பேடு மேலயோ டிஸ்க்கு மேலயோ பட்டுச்சுன்னா பிரேக்கே புடிக்காது, ஆமா," என்று அவன் அதட்டிக்கொண்டே இருந்தான்.

புதுப் பேடுகளோடு எல்லாவற்றையும் பூட்டியபின் பிரேக்கை மிதித்து விட்டுச் சுற்றினார்கள். சக்கரம் தடையில்லாமல் ஓடியது.

அது போதவில்லை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை வெறும் வேனை ஏனாத்தூர் வரை ஓட்டிப் போய், இறங்கி, சூடு ஒரே அளவுதானா என்று இரண்டு முன்சக்கரங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தும் தொட்டாள். ராமலிங்கம் குடுவையை உயர்த்திக் காட்டினான்.

"எண்ணெ வேணுமா?"

"நீயே வெச்சிக்கோ."

திங்கட்கிழமை பரமசிவத்தின் வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. மற்றத் தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த ரேணுகாம்பாள் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினாள்.

"வந்து தொட்டுப் பாருங்க."

"இன்னாத்த?"

"சக்கரத்த. இடது, வலது ரெண்டையும்."

அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தினார். ஒன்றைத் தொட்டார், எழுந்துபோய் மற்றதைத் தொட்டார், சந்தேகம் தீராமல் மறுபடி இடதுக்கே வந்தார்.

"இன்னா பரமசிவம், நாடி பாக்குறியா?" என்றான் ஆட்டோக்காரன். "நான் நிக்கறதா, போறதா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது," என்றார் பரமசிவம், யாரையும் பார்க்காமல். "நீ கெளம்புப்பா."

அதற்குள் மகள் வேனில் ஏறி ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மழைக்கு முன்னாடி மறுபடியும் கழட்டித் தொடைப்பேன்," என்றாள் ரேணுகாம்பாள், கதவைச் சாத்தியபடி. "அப்பவும் வந்து தொடுங்க."