உதடு அசையாமல் வாசிக்கிற மனுஷனோடு மூதூரிலிருந்து திருகோணமலைக்கு

என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதனால்தான் இந்தப் பயணம். அறுபத்தெட்டு வயது வரைக்கும் எனக்கு யாரும் கடிதம் போட்டதில்லை. போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தபால்காரர் எங்கள் வளவுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, "காதர் காக்கா, உங்களுக்குத்தான்" என்று நீட்டினார். உறையின் மேல் இருந்த பெயரை நானே வாசித்தேன். போன வருஷம்தான் பள்ளிக்கூடத்து முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். வாசித்து முடிக்கும்வரை தபால்காரர் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார். நல்ல மனுஷன்.

திருகோணமலையில் என் இளைய மகள் றஹீமா வேலை செய்யும் தையல் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதம் அது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தகப்பன்மார் நேரில் வர வேண்டும் என்று இருந்தது. எதற்கென்று இல்லை. நான் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போனேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று. அங்கே மீராலெவ்வை மாஸ்டர் இருந்தார். தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள் நஃபீசாவும் அங்கேதான் தைக்கிறாள். அவருக்கும் அதே கடிதம். அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் செருகியிருந்தார். ஒரு மனுஷனுக்கு எத்தனை கடிதம் வந்திருந்தால் இப்படிச் செருக மனம் வரும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது குறிஞ்சாக்கேணியிலும் சல்லியிலும் உள்ள தகப்பன்மாருக்கும் அதே கடிதம் வந்திருக்கிறதாம். வருகிற செவ்வாய்க்கிழமை அவர்கள் போக வேண்டும். அவர்களுக்காகத்தான் வாசிகசாலைப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொழிற்சாலையில் தைப்பது வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகும் சேர்ட். குடாவைக் கடந்து மூதூருக்கு வரும் கடைசி லோஞ்சு பின்னேரம் ஐந்து மணிக்கு. தை மாதத்தில் ஒருநாள், ஓடர் முடியவில்லை என்று ஆறு மணி வரைக்கும் பிள்ளைகளை விடவில்லை. லோஞ்சு போய்விட்டது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினொரு பேரும் துணிக்கட்டுகளின் மேல் படுத்துவிட்டு, விடிந்ததும் எழும்பி மறுபடி தைத்தார்கள். இங்கே படகுத்துறை ஜெட்டியில் காத்து நின்ற தகப்பன்மாரில் நானும் ஒருவன்.

அதற்குப் பிறகு றஹீமாவும், சல்லியிலிருந்து வரும் செல்வமலரும் ஒவ்வொரு மெசினாகப் போய்க் கதைத்தார்கள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலரைக்கு மணி அடிக்க வேண்டும். அதற்குமேல் நிற்பதா இல்லையா என்பது நிற்கிறவளின் விருப்பம். கொழும்பில் உள்ள ஒரு பெண்கள் வட்டத்துக்கும் எழுதினார்கள். அந்த வட்டம் மூலமாக, வேறு நாட்டில் இதே கொலரைத் தைக்கும் பிள்ளைகளின் கடிதமும் ஒன்று வந்தது. அங்கேயும் ஓடர் முடியும்வரை கதவு திறப்பதில்லையாம், அவர்களும் நேரத்துக்கு வீட்டுக்குப் போகத்தான் கேட்கிறார்களாம். றஹீமா அதைக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த தாய்க்கு வாசித்துக் காட்டினாள். கடலுக்கு அப்பாலிருந்து என் மகளுக்குக் கடிதம். அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது றஹீமா சொன்னாள்: "வாப்பா, அங்க போய் எல்லாத்துக்கும் ஓம் எண்டு தலையாட்டிப்போடாதீங்க. மாஸ்டர் கதைப்பார். அவருக்கு வாசிக்கத் தெரியும்."

எனக்கும்தான் வாசிக்கத் தெரியும். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இனிப் பயணம். மூதூரிலிருந்து முதல் லோஞ்சு காலை ஆறரைக்கு. ஆறு மணிக்கே போய்விடுங்கள், பிந்தினால் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஆளுக்கு இரண்டு ரூபாய். என் டிக்கெட்டையும் றஹீமாதான் எடுத்தாள். குடா எட்டு மைல், ஒரு மணியும் பத்து நிமிஷமும் எடுத்தது. வாடைக் காற்று இன்னும் அடங்கவில்லை, முன்பக்கம் இருந்தவர்கள் நனைந்தார்கள். பின்னால் எஞ்சினுக்குப் பக்கத்தில் இருங்கள். எண்ணெய் மணக்கும், ஆனால் நனைய மாட்டீர்கள். எங்கள் கங்கை கடலில் விழும் இடத்தில் தண்ணீர் தேத்தண்ணி நிறமாக இருக்கும். அதைத் தாண்டினதும் கோடு போட்டது போல நீலமாக மாறும். நாற்பது வருஷம் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றியவன் நான், இந்தக் குடாவை எத்தனை தரம் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் லோஞ்சின் உள்ளே "எச்சில் துப்பக் கூடாது" என்று எழுதியிருப்பதை அன்றுதான் அறிந்தேன். இத்தனை வருஷமும் அதற்குக் கீழே நின்று துப்பியிருக்கிறேன்.

மாஸ்டர் எனக்கு எதிரில் இருந்து பேப்பர் வாசித்தார். நான் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. கண் மட்டும் போய் வந்தது, பக்கத்தைத் திருப்பினார், மறுபடி கண் மட்டும். சத்தமில்லாமல் எழுத்து எப்படி உள்ளே போகிறது? நானும் இரண்டு விரலால் உதட்டைப் பிடித்துக்கொண்டு அவருடைய பேப்பரின் பின்பக்கத்தை வாசித்துப் பார்த்தேன். சத்தம் தொண்டையால் வந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். "வாப்பாவுக்குள்ளயும் ஒரு எஞ்சின் ஓடுது" என்றாள் என் மகள்.

ஏழு நாற்பதுக்கு இறங்கினோம். ஜெட்டியிலிருந்து தொழிற்சாலைக்கு ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைவு, இருபது நிமிஷ நடை. வழியில் இரண்டாவது தேத்தண்ணிக் கடையில் பிளேன்டீ ஐம்பது சதம், பணிஸ் அறுபது சதம். முதலாவது கடைக்குப் போகாதீர்கள், பணிஸ் நேற்றையது. வழியிலுள்ள கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டு வந்ததால் மற்றவர்கள் எனக்காக இரண்டு தரம் நிற்க வேண்டியதாயிற்று.

தொழிற்சாலை என்பது ஒரு பழைய கிட்டங்கி. தகரக் கூரை, நாற்பது மெசின். ஒரு மூலையைப் பலகையால் அடைத்து மனேஜருக்குக் கந்தோர் ஆக்கியிருக்கிறார்கள். அந்தப் பலகை கூரை வரைக்கும் போகவில்லை, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் போய் மெசினில் இருந்தார்கள். அன்று கடிதத்துக்கு வந்த தகப்பன்மார் ஆறு பேர். எங்களைச் சுவரோரம் ஒரு நீள வாங்கில் இருத்தினார்கள்.

மாஸ்டரை முதலில் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷம். பேனையை மூடிக்கொண்டு வெளியே வந்து, "சின்ன விசயம். கையை வெச்சிட்டு வாங்க" என்றார். அவர் சொன்னால் சரி என்று அடுத்த மூன்று பேரும் போனார்கள். ஒவ்வொருவரும் பெருவிரலைச் சுவரில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அந்த மையின் ஊதா நிறத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் அப்படித் துடைக்கப் போவதில்லையே. என் பெயரைக் கையெழுத்தாகப் போட இரண்டு மாதமாகப் பழகியிருந்தேன், ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்பார்கள்.

ஐந்தாவது ஆளாகப் போனேன். மனேஜர் கொழும்பிலிருந்து வந்த இளந்தாரி, மரியாதையானவர். இருக்கக் கதிரை தந்தார், பால் தேத்தண்ணி தந்தார். ஒரு கந்தோருக்குள் எனக்குக் கதிரை கிடைத்தது அதுதான் முதல் தடவை. "ஐயா, மகளுக்கு நீங்கள்தானே பொறுப்பு. பிள்ளைகள் விளையாட்டாகக் கதைக்கிறார்கள். பெரிய ஆக்கள் நாங்கள் கதைச்சு முடிச்சிருவோம்" என்றார். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஊரில் எல்லோரும் மாஸ்டரைத்தான் கேட்பார்கள், இவர் என்னைக் கேட்டாரே. ஒரு தாளையும் மைப்பெட்டியையும் என் பக்கம் தள்ளினார்.

மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டு நான் வாசிக்கத் தொடங்கினேன்.

எனக்கு வாயால் வாசித்தால்தான் விளங்கும். அதோடு, கிரேன் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த முறை, ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் வாசிப்பது: முதல் தரம் எழுத்துக்கு, இரண்டாம் தரம் கருத்துக்கு. அப்படியே வாசித்தேன். ஒன்று, ஓடர் முடியும்வரை என் மகள் வேலைத்தலத்தில் நிற்க நான் சம்மதிக்கிறேன். இரண்டு, தேவைப்பட்டால் இரவில் அங்கே தங்கவும் சம்மதிக்கிறேன். மூன்று, அதனால் ஏதும் நடந்தால் தொழிற்சாலை பொறுப்பில்லை.

"ஐயா, மெதுவா வாசியுங்கோ" என்றார் மனேஜர்.

"மெதுவாத்தான் தம்பி வாசிக்கிறன். இதைவிட மெதுவா ஏலாது."

மூன்றாவதை இரண்டாம் தரம் வாசிக்கும்போது மெசின் சத்தம் குறைந்தது போல இருந்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நாலாவதற்கு வந்தேன். மற்றவர்களோடு சேர்ந்து என் மகள் கோரிக்கை ஏதும் வைத்தால், நானே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். "கோரிக்கை" கொஞ்சம் சிரமப்படுத்தியது. அதை மூன்று தரம் வாசித்தேன். முடிந்தபோது ஒரு மெசினும் ஓடவில்லை.

கதவில் றஹீமா நின்றாள். அவளுக்குப் பின்னால் செல்வமலர், அதற்குப் பின்னால் தலைகள்தான்.

"வாப்பா, அந்த நாலாவத இன்னொருக்கா வாசிங்க" என்றாள்.

என் வாழ்க்கையில் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எழும்பி நின்று வாசித்தேன்.

மனேஜர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஐயா, நீங்கள் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளையை முதல்ல போய் மெசினில இருக்கச் சொல்லுங்கோ" என்றார்.

றஹீமா சத்தம் போடவில்லை. "அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வரல்ல. நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். இந்தக் கடதாசியில இருக்கிறது எங்கட வேலை, எங்கட நித்திரை, எங்கட லோஞ்சு. கேக்கிறதெண்டா எங்களிட்டக் கேளுங்க" என்றாள்.

டிக்கெட் எடுத்தது அவள்தான், ஆகவே நான் மறுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. மனேஜர் பேனையை எனக்கு நீட்டினார். அதை வாங்க என் கை பாதித் தூரம் போனதை மறைக்க மாட்டேன். நல்ல பேனை. நல்ல மேசை. "தம்பி, இந்தப் பேரை எழுதப் பழக எனக்கு ரெண்டு மாசம் போச்சு. முதன்முதலா அதை இதிலயா எழுதுறது?" என்று சொல்லி எழும்பினேன். தேத்தண்ணியை மட்டும் குடித்து முடித்தேன். எனக்குப் பிறகு கூப்பிட இருந்தவர், தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று வாங்கில் இருந்தபடியே சொல்லிவிட்டார்.

வெளியே நஃபீசா வாங்குக்கு முன்னால் நின்றாள். "வாப்பா, நீங்க வாசிச்சுப் பாக்கல்லியா?" என்று கேட்டாள். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார். பெருவிரல் வைத்த மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். மகளின் வேலை போய்விடுமோ என்று பயந்திருக்கிறார், பிறகு ஒருநாள் சொன்னார். அப்போது அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி, தொடையில் வைத்து, நாங்கள் நாலு பேரும் கொடுத்த சம்மதத்தை மீளப்பெறுகிறோம் என்று எழுதினார். இரண்டே நிமிஷம். ஒரு அடித்தல் இல்லை. எழுத்து எல்லாம் ஒரே உயரத்தில், சாய்வாக, எறும்பு வரிசை போல. எனக்கு மறுபடி வயிறு எரிந்தது.

"சத்தமா வாசிங்க மாஸ்டர், எல்லாரும் கேக்கட்டும்" என்றேன்.

வாசித்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சத்தமாக வாசிக்க அவருக்கு வராது. குரல் நூல் போல வந்தது, இரண்டு இடத்தில் சொல்லை விழுங்கினார். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொழும்பிலிருந்துதான் பதில் வரும் என்றார் மனேஜர். பிள்ளைகள் திரும்பப் போய்த் தைத்தார்கள். நாலரைக்கு மணி அடிக்கவில்லை. ஆனால் செல்வமலர் மெசினை நிறுத்திவிட்டு எழும்பினாள், பிறகு நாற்பது பேரும் எழும்பினார்கள். சல்லிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு, எங்கள் பிள்ளைகள் ஜெட்டிக்கு. ஐந்து மணி லோஞ்சில் இடம் தாராளமாக இருந்தது.

நஃபீசா தகப்பனோடு கதைக்காமல் பின்னால் போய் இருந்தாள். மாஸ்டர் பேப்பரைப் பிரிக்கவேயில்லை. கங்கைத் தண்ணீருக்குள் வந்தபோது, "நானும் எல்லாத்தையும் வாசிச்சனான், காதர்" என்றார். "வேலை செய்த காலத்தில தந்திகூட அப்பிடித்தான். ஒராள் மௌத்தாப்போன செய்தியெண்டாலும் கண் ஓடிரும், மனசில நிக்காது." பின்னால் றஹீமா நான் வாசித்த மாதிரியே வாசித்துக் காட்ட, பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். நஃபீசாவும் சிரித்தாள். கதவில் நின்று பேசியவளின் பெயர்தான் இனி ஊர் முழுக்கப் போகும், என் பெயர் போகாது. அதையும் எண்ணிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து நாலரைக்கு மணி அடிக்கிறது. எழுத்தில் இன்னும் ஒன்றும் தரவில்லை. அதனால்தான் மற்ற ஊர்த் தகப்பன்மாரைக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே, போகிறவர்களுக்கு: குறிஞ்சாக்கேணிக்காரர் கிண்ணியாத் துறையில் முதல் பாதைப் படகைப் பிடியுங்கள், அந்த மிதவை கயிற்றில் இழுபட்டு வருவதற்கு நேரம் எடுக்கும். சல்லிக்காரருக்கு ஏழு மணி பஸ் போதும். கதிரை தருவார்கள், இருங்கள். தேத்தண்ணி தருவார்கள், குடியுங்கள், பால் நல்லது. தாளைத் தந்தால் எடுத்த எடுப்பில் கையை நீட்டாதீர்கள். வாசிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசியுங்கள். தெரியாதவர், "என்ட மகளைக் கூப்பிடுங்க, அவள் வாசிக்கட்டும்" என்று கேளுங்கள். பலகை கூரை வரைக்கும் இல்லை.

இதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. நேற்று றஹீமாவிடம் கொடுத்தேன். அவள் குசினி வாசலில் நின்று, தேத்தண்ணி ஆறுவதற்குள் முழுவதையும் வாசித்துவிட்டாள். ஒன்பது நாள் வேலை. உதடு அசையவில்லை. பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் அவளுடைய உதடு அசைந்தது. எந்த இடம் என்று கேட்டேன். சொல்லாமல் தாளின் அடியில் விரலை வைத்து, "இதில போடுங்க, வாப்பா" என்று பேனையைத் தந்தாள்.

மு. காதர், மூதூர்.