தூரின் நகரத்தை நான் தமிழில் காட்டிய கதை

இன்னொருத்தர் பேச்சை நம் வாயால் பேசுகிற துபாஷித் தொழிலில் ஒரு வசதி உண்டு. நாம் செய்கிற தப்பு சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும். பெரிய மனிதர் பக்கத்தில் நின்று, கூட்டத்துக்கு முன்னால் மொழிபெயர்த்து விழித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாட்டைப் புரிந்துகொள்வார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளி இத்தாலியிலிருந்து தோல் சீவும் மிஷின் ஒன்றை வரவழைத்தார். அதைப் பூட்டி, ஓட்டிப் பழக்கிவிட்டுப் போக மரியோ என்றொரு மெக்கானிக் கூடவே வந்தார். நாற்பத்தைந்து வயது, அரைகுறை இங்கிலீஷ். என் இங்கிலீஷும் அதே தரம் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

அவருடைய ஊர் தூரின். அந்த ஊர்க் கோயில்களையும் அரண்மனைகளையும் கலர் ஸ்லைடுகளாக ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோல் கிடங்கின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, சுவரில் நாலு முழ வேட்டியைக் கட்டிப் படம் காட்டுவார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்வேன்.

ராஜா எங்கே?

முதல் படமே ராஜாவின் அரண்மனை. கூரை முழுக்கத் தங்க முலாம், ஆள் உயரக் கண்ணாடிகள், சிவப்புப் பட்டு போர்த்திய சிம்மாசனம். "ராஜா எங்கே?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யுத்தம் முடிந்ததும் நாங்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டு ராஜாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம், இப்போது சும்மா கிடக்கிற அரண்மனையை யார் வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம் என்றார் மரியோ.

முன் வரிசையில் எங்கள் முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மேலே இருப்பவரை ஓட்டுப் போட்டு அனுப்பிய சேதியை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "ராஜா வெளியூர் போயிருக்கிறார்" என்றேன். தோலில் மயிர் வழிக்கும் வேலை பார்த்த முனியம்மா அதை அப்படியே நம்பிவிட்டார்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்கய்யா, அம்புட்டுப் பெரிய வீட்டைப் பூட்டிப் போட்டா கரையான் அரிச்சிரும்."

நிஜத் தோல்

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை அரண்மனையின் ஆயுத சாலை. இரும்புக் கவசம் போட்ட வீரர்கள் வரிசையாகக் குதிரைமேல் உட்கார்ந்திருந்தார்கள். குதிரைகள் பொம்மைதான், ஆனால் மேலே போர்த்தியிருப்பது நிஜக் குதிரைத் தோல் என்றார் மரியோ. எங்கள் மேஸ்திரி காதர் பாய் எழுந்து போய்ச் சுவரில் விழுந்த குதிரையை, அதாவது எங்கள் வேட்டியை, தடவிப் பார்த்தார். "இத்தனை வருஷம் கெடாம இருக்கே, ஆவாரம் பட்டையா, வேற பட்டையா? யாரு பதம் போட்டதுன்னு கேளுங்க" என்றார். கேட்டேன். மரியோ, அங்கே ராஜாக்களின் பெயர்தான் எழுதியிருக்கிறது, தோல் பதனிட்டவன் பெயரை நான் பார்த்ததில்லை என்றார். அன்றைக்குக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். என் தொழிலில் நினைத்துச் சந்தோஷப்பட எனக்கு இருக்கிற நாள் அது ஒன்றுதான்.

"ஏறி உக்காந்தவன் பேரு இருக்கு, தோலைப் பதம் போட்டவன் பேரு இல்லையா? இங்கயும் அப்படித்தான்னு துரைகிட்டச் சொல்லுங்க தம்பி."

ஜன்னலுக்குப் பட்டு

சேதி பரவிச் சின்னாளபட்டிப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். ராணியின் படுக்கையறைப் படம் வந்ததும் தறிக்கார வீட்டுப் பெண்கள் கட்டிலைப் பார்க்கவில்லை, திரைச்சீலையைப் பார்த்தார்கள். அது முழுக்கப் பட்டு என்று சொன்னேன். அதற்கு ஒரு பெண் கேட்ட கேள்வியால் எழுந்த சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் போதை ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஜன்னலுக்கே இம்புட்டுப் பட்டுன்னா, அந்த மகராசி உடம்புக்கு என்னத்தைச் சுத்துவா?"

சின்னக் கோயில்

செம்பட்டியில் ஒரு அரிசி மில் களத்துக் கொட்டகை. நல்ல கூட்டம், சிரிக்கத் தயாராக வந்த கூட்டம். பெரிய கோயில்களையும் கோபுரங்களையும் காட்டி முடித்துவிட்டு, மரியோ அதுவரை வெளியே எடுக்காத ஒரு ஸ்லைடைச் செருகினார். தெருக்கோடியில் ஒரு சின்னக் கோயில். பார்க்க ஒன்றுமில்லை.

"இங்கேதான் எனக்கும் ரோசாவுக்கும் கல்யாணம் நடந்தது" என்று ஆரம்பித்தார். மூன்றாம் மாதம் யுத்தத்துக்குப் போனாராம். பாலைவனத்தில் பிடிபட்டு, கைதியாகக் கப்பலேற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்களாம். பெங்களூர் முகாமில் இருந்தபோது ஒரு கடிதம் வந்தது. குண்டு விழுந்து ரோசா செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "அந்தக் கடிதத்தை இந்த தேசத்தில்தான் படித்தேன். அன்று யாரிடமும் சொல்லவில்லை. அதனால் இந்த தேசத்து ஜனங்களிடம் சொல்ல வேண்டும்" என்று முடித்து, என்னைப் பார்த்தார்.

பின் வரிசையில் விசில் கிளம்பிவிட்டது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் என் குரல் உடையும் என்றும் பயம். "இந்தக் கோயில் மணி நாலு டன் எடை. அடித்தால் புருஷன் பெண்டாட்டி சண்டைகூட நின்றுவிடும்" என்றேன். கொட்டகை அதிர்ந்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று மரியோ கேட்டார். உங்கள் கல்யாணத்தைச் சொன்ன இடத்தில் சந்தோஷப்படுகிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வாசல் பக்கம் நின்ற ஒரு பெரியவர் உரக்கச் சொன்னார்:

"ஏலே அப்பு, எங்க வீட்டுக்கும் அதுல ஒண்ணு வேணும்னு துரைகிட்டக் கேளு!"

ஆறு டன்

ஒரு தடவை சொன்ன பொய்யை மாற்ற முடியாது. அதற்குப் பிறகு எங்கள் கிடங்கிலும், போன ஊர்களிலெல்லாம், மரியோ அந்தப் படத்தில் நின்று ரோசாவைப் பற்றிச் சொல்வார், நான் மணியைப் பற்றிச் சொல்வேன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டிக்காரர் ஒருத்தர் மட்டும் சந்தேகப்பட்டார்.

"ஏனுங்க, செம்பட்டியில நாலு டன்னுனு சொன்னீங்களாமா, இங்க ஆறுங்கறீங்க, அது மணிங்களா பூசணிக்காய்ங்களா?"

பஸ்ஸில்

அன்று திரும்பி வரும்போது மரியோ கேட்டார்: "அந்தப் படம் வரும்போதெல்லாம் மணி, மணி என்கிறாய். மணி என்றால் மனைவியா?"

பொய் சொல்லித் தப்பிக்கக் கூடாத கேள்வி. நிஜத்தைச் சொல்லவும் அதைவிட நல்ல இடம் இனிமேல் கிடைக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. சொல்லியிருக்கலாம். நான் வெளியே வெங்காய வயலைப் பார்த்துக்கொண்டு "ஆமாம்" என்றேன். அவர் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"நல்ல வார்த்தை, சின்ன வார்த்தை, என் வாயிலும் வருகிறது."

ஜங்ஷன்

வருஷம் முடிந்து அவர் கிளம்பிய காலையில் தோல் ஷாப்பே திண்டுக்கல் ஜங்ஷனுக்கு வந்துவிட்டது. மாலைகளைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, மரியோ என்னைக் கையமர்த்திவிட்டுத் தாமே தமிழில் பேசினார். மிஷின் நின்றால் எங்கள் ஆட்கள் 'செத்துப் போச்சு' என்பார்கள். அதைப் பிடித்து வைத்திருந்தார்.

"என் மணி செத்துப் போச்சு. நீங்க எல்லாம் கேட்டீங்க. ரொம்ப நன்றி."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மரியோவின் கண் நிறைந்திருந்தது. காதர் பாய் நல்ல மனிதர். மரியோவின் ஊரிலிருந்த அவ்வளவு பெரிய மணி உடைந்துவிட்டதே என்று அவருக்கு நிஜமாகவே வருத்தம். அவர் மரியோவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை மொழிபெயர்க்கும்படி மரியோ என்னைப் பார்த்தார். உங்கள் துக்கத்தில் பங்கு கொள்வதாகச் சொல்கிறார் என்று சொல்லிவைத்தேன். காதர் பாய் சொன்னது இது:

"போகட்டும் துரை, மனசை விட்டுராதீக, வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கிரலாம்."

சாப்பாட்டு வேளை

மறுநாள் மத்தியானம் எல்லாரும் தூக்குச் சட்டியைத் திறந்து உட்கார்ந்த நேரத்தில் போய் நின்று, செம்பட்டியில் மரியோ சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். கல்யாணம், கப்பல், பெங்களூர், கடிதம். மணி என்று ஒன்று நான் பார்த்ததே இல்லை என்பதையும் சொன்னேன். காதர் பாய் பிசைந்த சோற்றைச் சட்டியிலேயே உதறிவிட்டு எழுந்து போனார். என்னை யாராவது திட்டியிருந்தால் தேவலை. முனியம்மாதான் பேசினார்.

"இருக்கையில சொல்லியிருந்தா நாங்க போயித் துக்கம் கேட்டிருப்போமேய்யா, இம்புட்டுப் பேரு இருந்தும் அந்த மனுசனை அநாதையா அனுப்பி வச்சிட்டீகளே."

அதன் பிறகும் பல வருஷம் துபாஷி வேலை பார்த்து, எண்ணெயின் அளவையும் திருகாணியின் நீளத்தையும் ஒரு நூல்கூடப் பிசகாமல் மொழிபெயர்ப்பவன் என்று நல்ல பெயர் எடுத்தேன்.