லேமினேஷன் போட்ட ஃபேக்ஸ்

லேமினேஷன் போட்ட காகிதத்துக்குச் சாவே கிடையாது என்று நான் நம்பினேன். மழை, கறையான், எலி, தாசில்தார் ஆபீஸ் எதுவும் அதை ஒன்றும் செய்துவிட முடியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை என்று வீட்டில் இருந்த முக்கியமான காகிதம் எல்லாவற்றுக்கும் போட்டு வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று என் மனைவிதான் சொன்னாள்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இன்னொன்றும் என்னிடம் இருந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒரு இன்வாய்ஸை ஒரு தடவைதான் அனுப்பும், இரண்டாவது தடவை அனுப்பச் சொன்னால் அது இரண்டாவது இன்வாய்ஸ் ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது இன்வாய்ஸ் என்றால் இரண்டாவது முறை டாலர் அனுப்ப வேண்டும். டாலர் இல்லாமல் நாடு தங்கத்தைப் பிளேனில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் மெஷின்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பர்ச்சேஸ் அசிஸ்டெண்ட். வயது இருபத்தெட்டு. எங்களிடம் ஜப்பான் பிரஸ் மெஷின் ஒன்று இருந்தது. அதை இயக்குகிற எலக்ட்ரானிக் பலகையான கண்ட்ரோல் கார்டு எரிந்துபோய் மெஷின் படுத்துவிட்டது. புதுக் கார்டுக்கு இறக்குமதி லைசென்ஸ் வாங்கி, பேங்குக்கு நடந்து, ஆர்டர் போட்டு, கடைசியில் ஜப்பான்காரன் இன்வாய்ஸை ஃபேக்ஸில் அனுப்ப ஒப்புக்கொண்டான். தபாலில் மூன்று வாரம் ஆகிற காகிதம் ஒரே நிமிஷத்தில் ஆபீஸ் மேஜையில் விழப்போகிறது. வந்துவிட்டதா என்று ஷிப்டு முடிந்த ஆட்கள்கூடத் தினமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இன்று அதே ரோட்டில் இருக்கும் கம்பெனிகளில் இன்வாய்ஸ் என்பது திரையில் ஒரு வரி. இங்கே ஒருவன் பொத்தானை அமுக்கினால் கொரியாவில் ஒருவன் சரி என்கிறான். தப்பு நடந்தால் சிஸ்டமே சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. யார் செய்தது, எத்தனை மணிக்குச் செய்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. யார் செய்தது என்பதை அவனவனாக வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

ஃபேக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டது ஒரு அக்கா. அதற்கு முன்பு, தந்தி மாதிரி செய்தி அனுப்பும் டெலக்ஸ் மெஷினில் அடித்துக்கொண்டிருந்தவர். சேரப்பணஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். காலையில் மெஷினைப் போடும்போது நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார்.

"எதுக்குக்கா மெஷினுக்கெல்லாம் ஜெபம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மெஷினுக்கு இல்ல தம்பி. நீ ஆர்டர் எழுதிக்கினு வர்ற பாரு, அது தப்பில்லாம போய்ச் சேரணுமேன்னுதான்" என்றார்.

மூன்று வருஷமாக அவர் டெம்பரரி. அவருடைய வீட்டுக்காரர் லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து முதுகு போய்ப் படுத்திருந்தார். ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளியே செய்ய வசதி இல்லை. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் இலவசமாகச் செய்யலாம், ஆனால் எங்கள் கம்பெனி டெம்பரரி ஆட்களுக்கு இ.எஸ்.ஐ. கார்டு போடாது. அடுத்த மாதம் ஒண்ணாந்தேதி அவரைப் பெர்மனன்ட் செய்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆர்டர் டைப் அடித்து மேனேஜரின் டிராயரில் இருப்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தேதி கிழிக்கிற காலண்டரில் தினமும் காலையில் முதல் ஆளாகத் தாளைக் கிழிப்பவர் அக்காதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இன்வாய்ஸ் வந்தது. மேனேஜர் மெட்ராஸ் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். வழவழவென்று சுருண்டுகொண்டு வந்த தாளை அக்கா நீவிவிட்டு, கடைசி எழுத்து வரைக்கும் விரல் வைத்துப் பார்த்து, ரிஜிஸ்தரில் நேரம் எழுதி, 'தெளிவாக வந்தது' என்று குறித்துக் கையெழுத்துப் போட்டார். வருகிற ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் அப்படிக் குறிக்க வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். பிறகு என்னிடம் கொடுத்தார்.

"வாங்கினதும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கோ தம்பி. இந்தப் பேப்பர் நிக்காது. மே மாசம் வந்ததெல்லாம் பாத்தியா, வெள்ளைச் சீலையாட்டம் ஆய்ப்போச்சு."

உண்மைதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெக்கையில் பழைய ஃபேக்ஸ்களில் எழுத்தே இல்லாமல் போயிருந்தது. ஒரு வெற்றுத்தாளை ஃபைல் செய்து வைத்ததற்கு மேனேஜர் என்னைத் திட்டியிருந்தார். ஆனால் ஜெராக்ஸ் நகல்தானே? ஒரிஜினல் கையில் இருக்கும்போது நகலை எவனாவது மதிப்பானா? எனக்குத் தெரிந்த மருந்து வேறு. மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன்.

கடைத்தெருவில் லேமினேஷன் கடைக்காரர் தாளை இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் வைத்து மெஷினுக்குள் விட்டார். நான் பெருமையாக நின்றுகொண்டிருந்தேன். இந்தப் பக்கம் வெள்ளையாகப் போன தாள் அந்தப் பக்கம் கறுப்பாக வந்தது. லேசாக அல்ல. அடுப்புக்கரி மாதிரி. ஓரம் வரைக்கும் ஒரே கறுப்பு. பளபளப்பு மட்டும் முதல் தரம்.

சூடு பட்டால் கறுக்கிற காகிதம் அது, அந்த மெஷின் எழுதுவதே சூட்டால்தான் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

"இன்னா சார் இது? வக்கீல் கோட்டு மாதிரி கீது!" என்றார் அவர்.

"என்னய்யா பண்ணே?"

"நான் இன்னா பண்ணேன்? ரேஷன் கார்டு வுட்டா ரேஷன் கார்டு வருது. போட்டோ வுட்டா போட்டோ வருது. நீ இன்னாத்த எடுத்துக்கினு வந்தியோ, எனக்கு இன்னா தெரியும்?"

"எழுத்து ஏதாவது தெரியுதா பாரு."

அவர் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "என் மூஞ்சிதான் தெரியுது" என்றார்.

பாவி, காசும் வாங்கிக்கொண்டார்.

பயப்படுவதில் எனக்கு இருந்த திறமை வேலை செய்வதில் இருந்திருந்தால் நான் இந்நேரம் ஜப்பானிலேயே மேனேஜர் ஆகியிருப்பேன். அந்தக் கறுப்புத் தகட்டைச் சட்டைக்குள் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வியர்வையில் அது தொப்புளோடு ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் விசில் ஊதியபோதெல்லாம் கஸ்டம்ஸ் வந்துவிட்டது என்று எண்ணினேன். இன்வாய்ஸ் இல்லாவிட்டால் கார்டு ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராது. கார்டு வராவிட்டால் மெஷின் ஓடாது. இன்னொரு இன்வாய்ஸ் கேட்டால் இன்னொரு தடவை டாலர். அந்நியச் செலாவணி மோசடியில் என்னைப் பிடித்து, பேப்பரில் போட்டோ போட்டு, மாமனார் அதைப் படித்து, அந்தப் பக்கத்தையும் வெட்டி லேமினேஷன் போடுவார் என்கிற வரைக்கும் என் கற்பனை போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அதைப் பாய்க்கு அடியில் வைத்து அதன் மேலேயே படுத்துக்கொண்டேன். ஏன் நெளிகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். எறும்பு என்றேன்.

வெளியே போகும் ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் மேனேஜர் கையெழுத்து வேண்டும். ஆகவே ஜப்பான்காரனிடம் ரகசியமாகக் கேட்கவும் வழியில்லை. அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பார், சிரித்துவிட்டு ஏதாவது வழி சொல்வார் என்று தெரியும். ஆனால் ஆபீஸில் மற்றவர்களைக் கிண்டல் செய்வது என் வேலை. என்னைப் பார்த்துச் சிரிக்க விடுவது என்னால் முடியாத காரியம். வியாழக்கிழமை முழுக்க, பார்த்தவர்களிடமெல்லாம் ஜோக் அடித்துக்கொண்டே சுற்றினேன். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வந்தார். உட்கார்ந்ததும் இன்வாய்ஸ் எங்கே என்றார்.

"அது சரியா விழல சார்" என்றேன்.

"சரியா விழலன்னா?"

"கறுப்பா இருந்துச்சு சார். படிக்கவே முடியல. கிழிச்சுப் போட்டுட்டேன்."

கறுப்பாக இருந்தது, படிக்க முடியவில்லை. இரண்டும் சத்தியம். அந்த இரண்டு உண்மைகளை வைத்து ஒரு பொய்யை எவ்வளவு சுத்தமாகக் கட்டிவிட்டேன் என்று அந்த நொடியில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

மேனேஜர் ரிஜிஸ்தரைக் கொண்டுவரச் சொன்னார். 'தெளிவாக வந்தது' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதை நீ பாத்துத்தான் எழுதினியா?"

"பாத்துத்தான் சார் எழுதினேன். கண்ணாடி மாதிரி வந்துச்சு. தம்பி கையிலதான் குடுத்தேன்."

"இவன் கறுப்பா இருந்துச்சுங்கறானே?"

அக்கா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. நான் ஏதோ விளையாடுகிறேன், இப்போது நிறுத்திவிடுவேன் என்று எதிர்பார்க்கிற முகம்.

"தம்பி, நீதான வாங்கினே? நல்லாத்தான இருந்துச்சு? சாருகிட்ட சொல்லு."

அப்போது நான் சொன்னது இதுதான்: "எனக்கு எல்லாமே கறுப்பாத்தான்கா தெரியுது. கண்ணு டெஸ்ட் பண்ணணும் போல."

மேனேஜர் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை மட்டும் சிரித்தார். அந்த ஒரு சிரிப்பு போதும் என்று நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பாக்காமலே ஓக்கே போடற வழக்கம் இருந்தா, நாளைக்குக் கோடி ரூபா மெஷினுக்கும் இப்படித்தான் போடுவே" என்றார் மேனேஜர். "மூணு வருஷமா வேலை பாக்கறேன்னு பேரு."

"சாமி சத்தியமா பாத்தேன் சார். ஒவ்வொரு எழுத்தும் பாத்தேன்."

"போம்மா. போய் வேலையப் பாரு."

அதன்பின் மேனேஜர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். ஆங்கிலத்தில் ஒற்றை வரி எழுதினார்: உங்கள் இன்வாய்ஸ் தெளிவாக இல்லை, தயவுசெய்து மறுபடி அனுப்பவும். கையெழுத்துப் போட்டு என்னிடமே நீட்டினார். தாளை வாங்காமல் கேட்டேன்.

"மறுபடி அனுப்பினா ரெண்டாவது இன்வாய்ஸ் ஆயிடாதா சார்?"

"யார் சொன்னா உனக்கு? அதே நம்பர், அதே இன்வாய்ஸ். நூறு தடவை அனுப்பினாலும் ஒண்ணுதான்."

அக்காதான் அதை மெஷினில் வைத்து அனுப்பினார். எண்ணை இரண்டு தடவை தப்பாக அமுக்கினார். நான் பக்கத்தில் நின்று எண்ணைப் படித்துச் சொன்னேன். உதவி செய்கிறேனாம்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. அதே இன்வாய்ஸ், அதே எண், அதே எழுத்து. மூன்று நாள் வயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த நெருப்பு அரைமணி நேரத்தில் அணைந்துவிட்டது. அக்கா அந்தத் தாளை நீவி, விரல் வைத்துப் படித்து, ரிஜிஸ்தரைத் திறந்தார். பேனாவை எடுத்தவர் மூடியைத் திரும்பப் போட்டார்.

"சார், நீங்களே வந்து ஒருக்கா பாத்துடுங்க. அப்புறம் எழுதறேன்" என்றார்.

மேனேஜர் வரவில்லை.

அதற்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம். காகிதம் வந்துவிட்டது, டாலர் போகவில்லை, யாரும் ஜெயிலுக்குப் போகப்போவதில்லை. லேமினேஷன் போட்டுக் கெடுத்தேன் என்றால் ஒரு வாரம் ஆபீஸே சிரித்திருக்கும். எனக்கு 'கரி' என்று பட்டப்பெயர் வைத்திருப்பார்கள். அதிகம் போனால் ஒரு மெமோ. இதையெல்லாம் அன்று மத்தியானமே கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டுப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒண்ணாந்தேதிக்கு முந்தின நாள் மேனேஜர் அக்காவை அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வந்தவர் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"பெர்மனன்ட் இல்லியாம் தம்பி. ரிஜிஸ்தர்ல பொய் எழுதற ஆளுன்னு சொல்றாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டு எதையோ தேடினேன்.

"அந்தத் தாளு நல்லாத்தான் வந்துச்சு. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ இன்னாத்துக்கு அப்படிச் சொன்னேன்னுதான் தெரியல" என்றார். "எதுனா காரணம் இருந்தாச் சொல்லுடா. சண்டைக்கு வரல. நான் மனசுக்குள்ள தெரிஞ்சுக்கறேன், அவ்ளோதான்."

ஒன்றுமில்லைக்கா என்றேன்.

அவர் இன்னும் பதினொரு நாள் டெம்பரரியாகவே வேலைக்கு வந்தார். பிறகு வரவில்லை. ஃபேக்ஸ் மெஷினை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

கார்டு மூன்று வாரம் கழித்து மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு வந்து சேர்ந்தது. கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தருகிற கிளியரிங் ஏஜெண்டோடு நானும் போனேன். பெட்டியின் மேல் பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. உள்ளே மசியில் கையெழுத்துப் போட்ட இன்வாய்ஸ் மூன்று பிரதிகள். கஸ்டம்ஸில் அதைத்தான் கேட்டார்கள். நான் பையில் கொண்டுபோயிருந்த ஃபேக்ஸை ஒருவரும் கேட்கவில்லை.