தேய்ந்த இருக்கைகளின் முகங்கள்

என் அக்கா நாற்காலிகளுக்கு மெத்தை தைப்பவள். இந்த ஊர் அலுவலகங்களில் யார் எப்படி உட்காருகிறார்கள் என்பது முப்பது வருஷமாக அவளுக்கு அத்துப்படி. ஒரு பக்கமாகச் சாய்கிறவர், நுனியில் தொற்றிக்கொண்டிருப்பவர், மதியம் சரிந்து தூங்குகிறவர் என்று எல்லோரையும் துணி காட்டிக்கொடுத்துவிடும். பழைய துணியை உரித்துவிட்டுப் புதியது போடுவாள். உரித்ததைத் தூக்கி எறிய அவளுக்கு மனம் வராது. அப்படிச் சேர்ந்த துணிதான் அவளை ஓவியராக்கியது.

கேன்வாஸில் கோட்டும் டையுமாக ஓர் உடம்பை வரைவாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கைத் துணியை ஒட்டுவாள். நைந்த இடம் கன்னம், கிழிசல் வாய். மார்பில் பதக்கங்களுக்குப் பதில் பழைய ரப்பர் ஸ்டாம்புகள். முதல் படத்தைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இந்த சீட்டுங்க முன்னாடி நின்னு நின்னு எத்தனை பேருக்குக் கால் கடுத்திருக்கும்!" என்றாள்.

பதினோரு வருஷத்தில் இருபத்திரண்டு படங்கள். கண்காட்சி வைக்கக் கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். கடைசியில் நகர அரங்கம் இடம் கொடுத்தது. திறப்பு நாள் காலை நாங்கள் படங்களை மாட்டிக்கொண்டிருந்தபோது அரங்க மேலாளர் வந்தார், ஐந்தாவது படத்தின் முன் நின்றார். இடது பக்கம் நைந்த கருஞ்சிவப்புத் துணி, வலது கண்ணாக ஒரு மைக்கறை. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் நாற்காலிக்கு மெத்தை மாற்றியது அக்காதான்.

"இதை எடுத்துடுங்க. இல்லேன்னா சாயங்காலம் கதவு திறக்காது," என்றார், குரலைத் தாழ்த்தி.

நான் அக்காவை ஓரமாக இழுத்தேன். "ஒரே ஒரு படம்தானேக்கா. எடுத்துடேன்."

"இன்னிக்கு இவருக்காக எடுத்தா, நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்க. அப்புறம் சுவத்துல ஆணிதான் மிஞ்சும்."

மெத்தை உரிக்கும் கத்தியை எடுத்துப் போய் அவரிடம் நீட்டினாள். "படம் இங்கதான் இருக்கும் சார். துணி உங்களோடதுன்னா நீங்களே உரிச்சு எடுத்துக்கோங்க."

அவள் குரல் எப்போதுமே பெரிது. விளக்கு மாட்டுகிறவர்கள், தரை துடைக்கிறவர்கள், அவருடைய உதவியாளர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னோடதுன்னு யார் சொன்னது?" என்றார் மேலாளர்.

"அப்ப எதுக்கு சார் எடுக்கணும்?"

அவர் கத்தியைத் தொடவில்லை. நாலடி நடந்துவிட்டுத் திரும்பினார். "ஊர்ல இருக்கறவங்க சீட்டெல்லாம் இருக்கே, உங்களோடது எங்கே?"

"என்னோடது தேயலை சார். உக்கார நேரம் கிடைச்சாத்தானே!"

சாயங்காலம் கதவு திறந்தது. கூட்டம் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று, இது யார், அது யார் என்று சிரித்துச் சிரித்துப் பந்தயம் கட்டியது. திறப்பு விழாவுக்குப் போட்ட இருக்கைகளின் முன்வரிசையில் மேலாளருக்காக அவர் அறை நாற்காலியையே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். உட்காரச் சொன்னவர்களிடமெல்லாம் "பரவாயில்லை, பரவாயில்லை" என்று அசடு வழிந்தபடி அவர் கதவோரம் நின்றார். உட்கார்ந்தால் இடது பக்கம் சாய்வாரே!

காலையில் அக்காவிடம் கெஞ்சியதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருந்த அவள் அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். நேராகப் போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"தையல் உறுதியாத்தான் இருக்கு," என்றாள். "நீயும் ஒண்ணை இழுத்துப் போட்டு உக்காரு."