பரணில் இருந்த அரை பாட்டில்

பேத்தி பிறந்து பதினாறு நாளாகியும் மாரியப்பன் வெளியூர் எங்கும் போகவில்லை. வெண்ணந்தூர் கடைவீதிக்குக் கிளம்பினால்கூடப் பாதி வழியில் திரும்பிவிடுவார். தூளியை விலக்கி அந்த அரிசிமணி நகங்களை ஒருதரம் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். ஆனால் குழந்தை அசையாமல் தூங்கினால் முகம் மாறிவிடும். மூக்கருகே விரலை வைத்து மூச்சு படுகிறதா என்று பார்ப்பார். அப்போதெல்லாம் பரணிலிருந்து ஒரு புளித்த வாடை இறங்கி வருவதுபோல இருக்கும்.

"என்ன வாடைங்க? எனக்கு ஒண்ணும் அடிக்கலயே" என்பாள் மனைவி சாரதாமணி.

பரணில் பழைய அண்டாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

மாரியப்பன் பத்தாவதோடு படிப்பை விட்டு, தறியில் நின்று, அப்புறம் ஊருக்கு வெளியே மதுக்கடையில் விற்பனையாளராகப் பதினேழு வருடம் இருந்தவர். டீயைத் தாண்டி எதையும் குடித்ததில்லை. பிராந்தி கேட்பவன் கம்பிவழியே கையை நீட்டிக் கத்துவான். ஒயின் வாங்க வருபவர் அப்படியில்லை. கூட்டமில்லாத நேரம் பார்த்து வருவார். "மருந்துக்குங்க" என்பார். செய்தித்தாளில் சுற்றித்தரச் சொல்வார். பிறகு கேள்விகள் வரும். பிரிட்ஜில் வைக்கலாமா? சோடா ஊற்றலாமா? திறந்தால் எத்தனை நாள் தாங்கும்? தக்கை போட்டதைப் படுக்க வை, இல்லாவிட்டால் தக்கை காய்ந்துவிடும். திறந்ததை மூன்று நாளுக்குள் முடி. அடுப்புப் பக்கம் வைக்காதே. கம்பெனி ஏஜெண்டு சொன்னதைக் கேட்டு வைத்துக்கொண்டு மாரியப்பன் வாத்தியார்போலச் சொல்வார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

பத்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் தறிக்காரர் சடையன் வந்து நின்றார். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து அவர் மனைவி மைதிலி முழுகாமல் இருந்தாள்.

"ஏனுங்கண்ணா, வயித்துப்புள்ளக்காரி இதைக் குடிக்கலாமுங்களா? ரத்தம் ஊறும், புள்ள செவப்பாப் பொறக்கும்னு சொல்றாங்களே?"

அது ஏஜெண்டு சொல்லித்தராத கேள்வி. தெரியாது என்று சொல்ல மாரியப்பனுக்கு வாய் வரவில்லை.

"திராட்சை ரசந்தானுங்களே. ஒண்ணும் பண்ணாது. தெனம் ரெண்டு மூடி குடுங்க."

வாரம் தவறாமல் வந்து வாங்கினார் சடையன். மூன்று மாதம் வந்தார். அப்புறம் ஒரு மாதம் ஆளைக் காணோம். பிறகு வந்தவர் பாதி குடித்த பாட்டில் ஒன்றைக் கம்பிக்கு உள்ளே நகர்த்தினார்.

"இது இனி ஊட்டுல வேண்டாமுங்கண்ணா."

"குழந்தை?"

"எட்டாம் மாசத்துலயே பொறந்துச்சுங்க. தங்கல." படியிறங்கப் போனவர் திரும்பினார். "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த ஒரு பேச்சுதான் மாரியப்பனைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி நர்சு ஒருத்தியிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார். "ஒரு சொட்டுக்கூட ஆகாதுங்க. பால் குடுக்கறப்பவும் வேண்டாம்" என்றாள். அன்றிலிருந்து, மருந்துக்கு என்று கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். "யோவ், கடைய மூட வந்தியா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். அந்த அரை பாட்டிலை மட்டும் அவரால் கொட்டவும் முடியவில்லை, கடையில் விட்டுவரவும் முடியவில்லை. பரணில் ஏறியது. சடையன் எதிரில் வந்தால் அவரே முதலில் சிரிப்பார், "சௌக்கியமுங்களா?" என்பார். மாரியப்பன் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிடுவார். சடையனுக்கு அப்புறம் குழந்தையே இல்லை.

பதினாறாம் நாள் சம்பந்தி கந்தப்பன் குமாரபாளையத்திலிருந்து வந்து இறங்கினார். துண்டு வியாபாரி. அவர் வந்தால் தெருவுக்கே சத்தம் கேட்கும். பேத்திக்கு வெள்ளிக்கொலுசு, தன் மருமகளான மாரியப்பன் மகள் தனப்பிரியாவுக்குச் சேலை. கடைசியாகப் பையிலிருந்து ஒரு நீள பாட்டிலை எடுத்தார்.

"பெங்களூர்ல வாங்கினதுங்க சம்பந்தி. பீரோவுல பட்டுச்சேலைக்கு நடுவுல ஒரு மாசமா நிக்குது. புள்ளையப் பெத்த ஒடம்பு தேறோணுமில்ல? யாராச்சும் ஒரு டம்ளர் கொண்டாங்க."

தனப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"குடிக்கலாமாப்பா?"

அதே கேள்வி. வாடை குப்பென்று வந்து மாரியப்பனின் மூக்கை அடைத்தது.

"வேண்டாஞ் சாமி" என்றார் மகளிடம்.

"அட, பதினேழு வருசம் ஊருக்கே ஊத்திக்குடுத்துட்டு, சொந்த மகளுக்கு வேண்டாமுங்களா!" கந்தப்பன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நான் கொண்டாந்ததுங்கறதாலயா?"

மாரியப்பன் ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார். ஒட்டடையோடு அந்த அரை பாட்டிலைக் கொண்டுவந்து புது பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது கந்தப்பனின் சிரிப்பு எங்கோ போயிருந்தது. அவரே தன் பாட்டிலை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"அந்த ஊட்டுக்காரங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் சாரதாமணி.

"இல்ல."

"பேத்தி பொறந்திருக்கு. போயிச் சொல்லிட்டு வாங்க."

அரை பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தார். இந்தமுறை பாதி வழியில் திரும்பவில்லை. சடையன் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் மைதிலி தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. பேத்தியாமே? அவுரு உள்ள இருக்காருங்க."

"உங்ககிட்டத்தாம்மா வந்தேன்." துண்டைப் பிரித்தார். "அன்னைக்கு நான் தெரியாமத்தான் சொன்னேன். குடுக்கக்கூடாததுங்க அது. உங்க குழந்தைக்கு..."

மைதிலி பாட்டிலையே பார்த்தாள். கையிலிருந்த நூல் அறுந்தது. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒருநாளும் குடிக்கலீங்கண்ணா. வாயில வெச்சாலே கொமட்டும். அவுரு தறிக்குப் போனதும் தெனம் ரெண்டு மூடி சாக்கடையில ஊத்திருவேன். அவுரு அளவு பார்ப்பாருன்னு."

மாரியப்பன் திண்ணையில் உட்கார்ந்தார். பாட்டில் அவர் கையிலேயே இருந்தது.

"அதுக்கப்புறம் தெனமும் நெனைப்பேனுங்க" என்றாள் மைதிலி. "வெவரந்தெரிஞ்ச மனுசன் சொல்லி உட்டாரே, மூக்கைப் புடிச்சுட்டாவது குடிச்சிருந்தா ரத்தம் ஊறியிருக்குமோ, புள்ள தங்கியிருக்குமோன்னு. பத்து வருசமா ஊட்டுக்காரரு மூஞ்சியப் பார்க்க முடியலீங்க."

மாரியப்பன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"குடிக்காததுதாம்மா சரி. நீங்க செஞ்சதுதான் சரி. நான் சொன்னதுதான் தப்பு."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னார்.

மைதிலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் கையிலிருந்த பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, வாசல் சாக்கடையில் கவிழ்த்தாள். பழுப்பாக வந்தது. அந்த வாடை இப்போது அவளுக்கும் அடித்தது போலிருக்கிறது, மூக்கைச் சுளித்தாள்.

"உள்ள வாங்க. அவுருகிட்டயும் இதையே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தாள்.

தறி நின்றது. "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார் சடையன்.