திறக்க வைக்கும் வரி

எதையாவது எழுதிப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். மேசை முன் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமல்ல. தேநீர் ஆறும்போதும், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதும் உதடு அசையும். விளம்பர மின்னஞ்சலின் தலையில் நிற்கும் அந்த ஒற்றை வரியை எழுதுவதுதான் அவள் பிழைப்பு. விளம்பர நிறுவனத்தில் அவளைத் 'தலைப்பு' என்றே கூப்பிடுகிறார்கள். "தலைப்பு, இன்னிக்கு யாரைப் பயமுறுத்தப் போற?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஆச்சரியக்குறி அவளுக்கு ஆகாது. "கத்துறவனை யாரு திரும்பிப் பாக்குறா? காதோட சொல்லணும்" என்பாள். 'சலுகை' என்ற சொல்லைக் கண்டாலே அடித்துவிடுவாள். ஆசைப்பட்டவன் நாளைக்குத் திறப்பான், பயந்தவன் இப்போதே திறப்பான் என்பது அவள் கணக்கு.

ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்துக்காக அப்படித்தான் எழுதினாள்: 'உங்கள் பரிசோதனையில் ஒன்றைக் கவனித்தீர்களா?' உள்ளே இருந்தது வெறும் தள்ளுபடி அறிவிப்பு. அனுப்பியதை முக்கால்வாசிப் பேர் திறந்தார்கள். மேலாளர் எல்லோரையும் எழுப்பிக் கைதட்ட வைத்தார்.

அன்று மாலை அக்கா போன் செய்தாள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்குக் கொடுத்திருந்தாள், அதே கூடத்தில். தங்கைக்குக் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதுகிற வேலை என்பதற்கு மேல் அவளுக்கு எதுவும் தெரியாது. துணிக்கடையில் நின்றபடி அந்த வரியைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

"எந்தப் பாவி எழுதினானோ தெரியலடி. இனி அங்கேருந்து எது வந்தாலும் பாக்காமலே அழிச்சிடுவேன்."

எழுதியது தான்தான் என்று சொல்லியிருக்கலாம். "சரிக்கா" என்றாள்.

அக்கா சொன்னபடியே செய்தாள். உண்மையான முடிவு, 'அறிக்கை' என்ற ஒற்றைச் சொல்லோடு அதே முகவரியிலிருந்து வந்தது. விளம்பரங்களோடு சேர்ந்து அதுவும் போயிற்று. முடிவு வரவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மாதங்கள் கழித்து, முதுகுவலி தாங்காமல் நேரில் போய்க் கேட்டபோது நோய் எலும்பில் இறங்கியிருந்தது.

தலைப்பு இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறாள். அக்காவின் சிகிச்சை அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகிறது. இப்போதும் நன்றாகத்தான் எழுதுகிறாள். கைதட்டும்போது மட்டும் கழிப்பறைக்குப் போய்விடுகிறாள்.

விடுமுறை நாளில் மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, அக்கா மற்றொரு கையால் போனை நீட்டினாள். "வந்ததையெல்லாம் நீயே பாத்துச் சொல்லு. எனக்கு எது நிஜம்னு புரியமாட்டேங்குது."

ஒவ்வொன்றாகத் திறந்தாள். நடுவில் ஒன்று அவளே போன வாரம் எழுதியது. அதையும் கடைசி வரி வரை படித்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா. விளம்பரம்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்காவின் பாதத்தில் விலகியிருந்த போர்வையை இழுத்து மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்கவில்லை.