செவலை மெரளுது சார்

சின்னப் பிள்ளைகளுக்கு மனசில் இருப்பதைச் சொல்லக் கற்றுக்கொடுப்பது என் வேலை. அவர்கள் சொல்லாமல் விட்டதை நினைத்துப் படபடத்துக்கொண்டிருப்பது அதன் மீதிப் பாதி. பிள்ளை பெற்றவர்களுக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

சிரித்த முகம்

பழங்காநத்தத்தில் நான் வேலை பார்க்கும் மழலையர் பள்ளியில், முகப் படங்களைப் பரப்பி இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். யூகேஜி தர்ஷன் எப்போதும் சிரிக்கிற முகத்தையே தொடுவான். ஆனால் பள்ளி முடியும்வரை தண்ணீர் குடிக்க மாட்டான், கழிப்பறைக்கும் போக மாட்டான். அடக்கி அடக்கிக் காய்ச்சலே வந்துவிட்டது. இப்படியே விட்டால் கிட்னியைப் பாதிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயந்த முகத்தைக் காட்டி, இதுவா என்றேன். படத்தைக் கவிழ்த்து வைத்தான்.

"அது பொம்பளப் பிள்ளைகளுக்கு சார்."

வீட்டில் இல்லாத சொல்

அவன் அப்பாவை வரச் சொன்னேன். அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டில் செவலை என்று ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. பையன் எதற்கோ பயப்படுகிறான் என்றதும் அவர் முகம் இறுகிவிட்டது. அவசரப்பட்டுவிட்டேனோ, வீட்டில் போய் அவனை அதட்டுவாரோ என்று தோன்றியது. பேச்சை மாற்றக் காளையைப் பற்றிக் கேட்டேன். வேட்டுச் சத்தம் கேட்டால் மிரளும், பக்கத்தில் நின்று தடவிக்கொடுக்க வேண்டும் என்று உருகிப்போய்ச் சொன்னார். மகனுக்கும் அப்படித்தானே என்றேன்.

"மாடு மெரளலாம் சார். எம்மகனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

தாழ்ப்பாள்

மறுநாள் படங்களை எடுக்கவில்லை. செவலை நம் பள்ளிக்கு வந்தால் எங்கே மிரளும் என்று தர்ஷனிடம் கேட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையை இப்படிச் சுற்றி வளைப்பது சரிதானா என்று உறுத்தவும் செய்தது.

அவன் கழிப்பறையைக் கை காட்டினான். தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளுமாம், ஒருநாள் உள்ளே இருந்து கத்தியும் யாருக்கும் கேட்கவில்லையாம். கதவைச் சாத்தாமல் போகலாமே என்றேன்.

"சாத்தாட்டி எல்லாரும் பாப்பாங்க. சாத்துனா செவலை மெரளும். நீங்க வெளிய நிக்கிறீங்களா சார்?"

தாழ்ப்பாளைக் கழற்றியாயிற்று, தண்ணீரும் குடிக்கிறான். பயத்துக்குப் பெயர் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கும் நான், அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிடாமல், ஒரு காளைக்காகக் கழிப்பறை வாசலில் காவல் நின்றுகொண்டிருக்கிறேன்.